சிகிச்சை முடியும் முன் சமரசம் வேண்டாம்

கேள்வி: வயது 27, விசைத்தறியில் வேலை. பைக்கில் போனபோது லாரி இடித்து இழுத்துச் சென்றதில் ஆணுறுப்பு, விரைப்பைத் தோல் உரிந்துவிட்டது. ஆணுறுப்புக்குத் தொடைத் தோலை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். விரைகளைத் தொடைத் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்திருக்கிறார்கள். பை அமைக்கும் அறுவை பாக்கி. வெட்கப்பட்டு, டிஸ்சார்ஜ் சம்மரியில் விவரம் எழுத வேண்டாம் என்று நானே கேட்டுக்கொண்டேன். நிச்சயித்த கல்யாணம் நின்றுவிட்டது. லாரிக்காரர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எம்.சி.ஓ.பி. (மோட்டார் விபத்து இழப்பீட்டு மனு) போட்டாயிற்று. வரும் லோக் அதாலத்தில் இன்சூரன்ஸ் தரப்பு மொத்தமாக ஒரு தொகை தருகிறதாம். வாங்கிவிடலாமா?

பதில்: வாங்கலாம், இப்போது வேண்டாம்.

லாரிக்காரர் வராததால் உங்கள் இழப்பீடு ஒரு ரூபாய்கூட ஏறாது. பெண் வீட்டார் மீது வழக்குப் போடும் எண்ணமிருந்தால் விட்டுவிடுங்கள். நின்றுபோன கல்யாணத்தைத் 'திருமண வாய்ப்பு இழப்பு' என்ற தலைப்பில் கேட்டுக்கொள்ளலாம். கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது ஒரே வரி: அறுவை பாக்கி.

லோக் அதாலத்தில் கையெழுத்துப் போட்டால், 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 21-வது பிரிவின்படி அது இறுதி, அப்பீல் கிடையாது. உங்கள் மனுவை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் வாங்கினாலும், முடிந்த வழக்கில் 'இன்னொரு ஆபரேஷன் ஆயிற்று' என்று மறுபடி கேட்க முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தில் அதற்கு இடமில்லை, எதிர்கால மருத்துவச் செலவையும் முதலிலேயே கணக்கிட வேண்டும் என்று நாகப்பா எதிர் குருதயாள் சிங் வழக்கில் (2003) உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இதில் விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சமரசத்துக்கு இரு தரப்பும் கையெழுத்திடும் கூட்டு மெமோவில் தொகை மட்டும் கண்ணில் படும். 'முழுமையாகவும் இறுதியாகவும்' என்ற வரியை யாரும் படிப்பதில்லை. ஒட்டிய தோலோ மாதக்கணக்கில் சுருங்கும். சுருங்கினால் விறைப்பின்போது இழுத்து வலிக்கும், வளையலாம்; திரும்ப அறுவை தேவைப்படலாம். எஸ்டிமேட்டோடு வந்தவரிடம், 'இனி வழியில்லை' என்று சொல்லி அனுப்புவதைப்போல் வேதனை இந்தத் தொழிலில் வேறில்லை.

அடுத்த ஆபத்து உங்கள் வெட்கம். 'தொடை, இடுப்பில் தோல் காயம்' என்ற அளவில் சம்மரி இருந்தால், இன்சூரன்ஸ் வக்கீல் அதை மட்டுமே காட்டுவார். ஆபரேஷன் நோட்ஸ், போட்டோக்களின் நகல் வாங்குங்கள். போட்டோக்களை மூடிய உறையில் தாக்கல் செய்யலாம். மனுவில் காயத்தை உள்ளபடி எழுதித் திருத்துங்கள். உங்களை மூடிய அறையில் விசாரிக்கும்படியும் கேட்கலாம். மருத்துவக் குழுவின் ஊன சதவீதத்தை மட்டும் நம்பாதீர்கள். கை, கால் போல இதை எளிதில் அளக்க முடியாது, குறைவாகத்தான் வரும். சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு போயிற்று என்பதைத் தீர்ப்பாயம்தான் முடிவு செய்ய வேண்டும். வலி, வாழ்க்கை வசதி இழப்பு எல்லாம் தனித் தலைப்புகள். இதைச் சொல்லும் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் (2011) உச்ச நீதிமன்றத் தீர்ப்பை உங்கள் வக்கீல் காட்டட்டும்.

இந்த அதாலத்தில் வாய்தா வாங்குங்கள். பை அமைத்து, ஒட்டு நிலைப்பட்ட பிறகு, இனி என்ன அறுவை, என்ன செலவு, உணர்ச்சி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பிளாஸ்டிக் சர்ஜனிடம் எழுத்தில் வாங்குங்கள். அந்தச் செலவையும் சேர்த்துத் தொகை வந்தால் தயங்காமல் சமரசம் செய்யுங்கள். விசாரணை என்று போனால் குறுக்கு விசாரணையில் உங்கள் அந்தரங்கத்தைத்தான் கிளறுவார்கள். கூடுதலாக வரக்கூடிய கொஞ்சப் பணத்துக்காக அதைத் தாங்க வேண்டியதில்லை.