கேளுங்கள்: நீர்வர்ண வகுப்புக்கு என்ன வாங்கலாம்?

எங்கள் தோட்ட வாசிகசாலையில் 20 பிள்ளைகளுக்கு, எட்டுச் சனிக்கிழமைகள், நீர்வர்ண வகுப்பு வைக்கப் போகிறோம். பெற்றோரிடம் அதிகம் கேட்க முடியாது. எதை வாங்குவது, எதை விடுவது? (ஆசிரியை, பொகவந்தலாவை)

கையில் இருக்கும் பணத்தில் பெரும்பங்கைக் கடதாசிக்கே ஒதுக்குங்கள். மலிவான வர்ணம் நல்ல தாளில் ஓரளவு அழகாகவே விழும். விலையுயர்ந்த வர்ணத்தைச் சித்திரக் கொப்பித் தாளில் போட்டால் தாள் சுருங்கி, வர்ணம் குளம்போல் தேங்கும். தனக்குக் கை வரவில்லை என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். பிழை தாளில்தான் இருக்கிறது.

300 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 300 கிராம், தடித்த தாள்), கோல்ட் பிரஸ் (மேற்பரப்பு இலேசாகச் சொரசொரப்பானது) என்று கேட்டு வாங்குங்கள். கொப்பியாக வேண்டாம், முழுத் தாளாக வாங்குங்கள். 22 அங்குலத்துக்கு 30 அங்குலம் உள்ள ஒரு தாளை இரு பக்கமும் நான்காக மடித்துக் கிழித்தால் ஐந்தரைக்கு ஏழரை அங்குலத்தில் 16 துண்டு வரும். 20 பிள்ளைகள், வாரம் ஒரு துண்டு, எட்டு வாரம் என்றால் 160 துண்டு, அதாவது 10 தாள். முதல் நான்கு வாரப் பயிற்சிகளைத் துண்டின் இரு பக்கத்திலும் செய்யவைத்தால் 8 தாளே போதும்.

ஆளுக்கொரு வர்ணப் பெட்டி வேண்டாம். 5 மில்லிலீட்டர் டியூப்பாக ஆறு நிறம் எடுங்கள்: எலுமிச்சை மஞ்சள், யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), கிரிம்சன் (அடர் சிவப்பு), அல்ட்ராமரீன் (ஊதாச் சாயல் நீலம்), பிரஷ்யன் நீலம், பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு). சோடாப் போத்தல் மூடிகளைக் கழுவிக் காயவைத்து, ஒவ்வொன்றிலும் கொண்டைக்கடலை அளவு, ஏறத்தாழ அரை மில்லிலீட்டர், பிதுக்கி அடியில் பரப்பிவிடுங்கள். ஒரு டியூப் பத்துப் பேருக்கு வரும். ஆகவே நிறத்துக்கு இரண்டாக 12 டியூப். எலுமிச்சை மஞ்சளில் மட்டும் இரண்டு கூடுதலாக எடுத்துவையுங்கள். மலைநாட்டுப் பிள்ளைகள் வரைவதில் பாதி பச்சை, மஞ்சள்தான் முதலில் தீரும். காய்ந்தபின் ஆறு மூடிகளையும் வெள்ளை ஐஸ்கிரீம் டப்பா மூடியில் ஒட்டிக் கொடுத்தால் அதுவே பெட்டி, அதுவே வர்ணம் கலக்கும் தட்டு. பிளாஸ்டிக்கில் நீர் முத்து முத்தாக உருண்டு நிற்கும். ஒட்டுமுன் பாத்திரம் தேய்க்கும் நாரால் சவர்க்காரம் போட்டுச் சொரசொரப்பாகத் தேய்த்துவிட்டால் வர்ணம் பரவி நிற்கும்.

பிரஷ் பற்றி அடுத்த பதிலில் சொல்கிறேன். மற்றதில் பெரும்பாலானவை வீட்டில் இருக்கின்றன. தண்ணீருக்கு ஆளுக்கு இரண்டு யோகட் கப்: ஒன்று பிரஷ் கழுவ, மற்றது சுத்தமான நீருக்கு. துடைக்கப் பழைய பருத்திச் சாரத்துண்டு. தாளின் ஓரங்களைப் பலகையில் ஒட்டிப் பிடிக்கும் மாஸ்கிங் டேப்பை மட்டும் ஹாட்வெயார் கடையில் வாங்குங்கள். கறுப்பு, வெள்ளை டியூப், 24 நிறப் பெட்டி, ஈசல் (படம் வரையும் தாங்கி) எதுவும் வேண்டாம்.

பிரஷ் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? கடையில் கூராக இருந்தது வீட்டுக்கு வந்ததும் துடைப்பம்போல் விரிகிறது. (மாணவி, பண்டாரவளை)

கடையில் தெரியும் கூர் பசையின் கூர். அனுப்பும்போது நுனி கெடாதிருக்க மயிரில் பசை தடவியிருப்பார்கள். கடைக்காரரிடம் ஒரு கோப்பைத் தண்ணீர் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். பசை கரையும்வரை அலசி, மணிக்கட்டால் ஒருமுறை உதறுங்கள். நுனி தானாகவே ஒன்றுகூடிக் கூராக வேண்டும். பிறகு நகத்தின்மேல் சாய்த்து அழுத்தி எடுங்கள். வளைந்தபடியே நின்றால் வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். உலோகக் குழல் ஆடக்கூடாது.

வட்ட நுனி, செயற்கை மயிர், 8ஆம் இலக்கம் ஒன்று போதும். இலக்கம் கம்பனிக்குக் கம்பனி மாறும். மயிர் தொடங்கும் இடத்தில் 5 மில்லிமீற்றர் அளவு தடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வானம் தீட்ட ஓர் அங்குலத் தட்டைப் பிரஷ் நான்கு பேருக்கு ஒன்று போதும். தண்ணீர்க் கப்பில் நிற்கவைத்துவிட்டுப் போகாதீர்கள். நுனி வளைவதோடு, பிடி ஊறிப் பருத்துக் குழலும் கழன்றுவிடும்.

வீட்டில் போஸ்டர் கலர் இருக்கிறது. அதிலேயே பழகலாமா? (பதுளை)

பிரஷ் பிடிக்கப் பழகலாம், நீர்வர்ணம் பழக முடியாது. போஸ்டர் கலர் தாளை மறைக்கும். நீர்வர்ணத்தில் அடியிலுள்ள வெள்ளைத் தாள்தான் ஒளி தருகிறது.

300 ஜிஎஸ்எம் கிடைக்கவில்லை, 200 தான் கிடைத்தது. நனைத்ததும் அலை அலையாக எழும்புகிறது. (தலவாக்கலை)

நனைந்த இடத்தில் நார் ஊதிப் பெருக்கிறது, காய்ந்த இடம் அப்படியே நிற்கிறது. அந்த இழுபறிதான் அலை. முதலிலேயே தாள் முழுவதையும் நனைத்து, ஓரங்களைப் பிடித்து வைத்தால் காயும்போது மேளத்தோல்போல் இழுபட்டு நிற்கும்.

தாளை ஐந்து நிமிடம் தண்ணீரில் கிடத்துங்கள். ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கி நீர் வடியவிட்டு, 9 மில்லிமீற்றர் பிளைவூட் பலகையில் விரியுங்கள். மாஸ்கிங் டேப் ஈரத்தில் ஒட்டாது. பழுப்புக் கடதாசியை ஒன்றரை அங்குலப் பட்டியாக வெட்டி, கட்டியான கோதுமைமாப் பசை தடவி, பாதி தாளிலும் பாதி பலகையிலுமாக நான்கு ஓரமும் ஒட்டுங்கள். ஓர் இரவு படுக்கையாகக் காயட்டும். அவசரப்பட்டு அடுப்பருகே வைத்தால் பசை இறுகுமுன் தாள் சுருங்கிப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். படம் நன்றாகக் காய்ந்தபின் ஓரத்தை வெட்டி எடுக்கலாம்.

பிறிஸ்டல் போர்ட் இதற்கு மாற்றல்ல. அதன் வழவழப்பில் வர்ணம் மேலேயே நிற்கும், இரண்டாம் பூச்சு முதற்பூச்சைத் துடைத்துக்கொண்டு போகும்.

மழைக் காலத்தில் வர்ணத்தில் பூஞ்சை பிடிக்கிறது, படமும் காய மறுக்கிறது. (நோர்வூட்)

மே முதல் செப்டெம்பர் வரை உங்கள் பக்கம் அப்படித்தான் இருக்கும். ஈரத்தோடு மூடிவைப்பதால் பூஞ்சை வருகிறது. வகுப்பு முடிந்ததும் மேல் ஈரத்தைத் துணியால் ஒற்றி, விரலில் ஒட்டாத அளவு காய்ந்தபின் மூடுங்கள். பிடித்துவிட்டால் மேற்படையை ஈரத்துணியால் வழித்தெறிந்துவிட்டு மிச்சத்தைப் பாவிக்கலாம்.

தாளைப் பொலித்தீனில் சுற்றி, சுவரிலும் சீமெந்துத் தரையிலும் படாமல் அலுமாரியில் வையுங்கள். நீரை உடனே உறிஞ்சாதிருக்கத் தாளில் சேர்த்திருக்கும் பசை ஈரம் ஏறினால் கெட்டு, வர்ணம் ஒற்றுத்தாளில் போல் ஊறிப் புள்ளி புள்ளியாகும். ஓரத்தில் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சினால் அந்தத் தாள் பயிற்சிக்கு மட்டும்.

பூச்சு காய்ந்ததா என்பதைக் கண் சொல்லாது. விரலின் பின்புறத்தால் மெல்லத் தொடுங்கள். குளிர்ந்தால் உள்ளே இன்னும் ஈரம். அதுவரை பிள்ளை சும்மா இராதிருக்க, இரண்டு துண்டுகளைப் பக்கத்தில் வைத்து மாறி மாறித் தீட்டவிடுங்கள்.

ஆறு நிறத்தில் பச்சையே இல்லையே, தேயிலையை எப்படித் தீட்டுவது? (லிந்துலை)

டியூப்பில் வரும் பச்சை தேயிலைக்குப் பொருந்தாது. கொழுந்துக்கு எலுமிச்சை மஞ்சளில் பிரஷ்யன் நீலத்தைப் பிரஷ் நுனியால் தொட்டதுபோல் சேருங்கள், அதற்கு மேல் வேண்டாம். முற்றிய இலைக்கு அதே நீலம், யெல்லோ ஓக்கர், துளி பர்ன்ட் சியன்னா. மூடுபனிக்குள் தெரியும் எதிர் மலைக்கு மஞ்சளே வேண்டாம். அல்ட்ராமரீனில் சிறிது பர்ன்ட் சியன்னா, நிறையத் தண்ணீர்.