ஸ்கூபா டைவிங்குக்கு நீருக்கடி ஸ்கூட்டர் வாங்கலாமா? அதற்கு எவ்வளவு எடை கட்ட வேண்டும்?

எடையைப் பற்றிக் கேட்டிருப்பதால்தான் எழுத உட்கார்ந்தேன். வாங்கலாமா என்பது உங்கள் பணம், உங்கள் பாடு. மயிலாடுதுறைப் பக்கம், பூம்புகார் கடலுக்குள் போய்ப் பார்க்க ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். யூடியூபில் எவனோ மாலத்தீவில் ஆமை பின்னால் ஸ்கூட்டரில் பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் ஏமாந்தேன்.

நான் பயிற்சியாளன் இல்லை. மஸ்கட்டில் இருந்த ஒன்பது வருடத்தில் வெள்ளிக்கிழமைகளில் டைவ் அடித்துப் பழகியவன், அவ்வளவுதான். கீழே சொல்வதில் ஜோடி இல்லாமல் இறங்கியது தப்பு என்று எனக்கே தெரியும். அதற்காக யாரும் தனியாக வகுப்பு எடுக்க வேண்டாம்.

கூட வேலை பார்த்த ஒருவரிடம் பழைய ஸ்கூட்டர் வாங்கினேன். பிடித்துக்கொண்டால் நீருக்குள் நம்மை இழுத்துப் போகும் நீளக் குழாய், பின்னால் விசிறி, உள்ளே பைக்கில் இருப்பது போன்ற ஈய பேட்டரி. கார்கோவில் ஊர் வந்து சேர்ந்தபோது பேட்டரி செத்திருந்தது. கும்பகோணத்தில் ஒருவர் லித்தியம் பேட்டரி கட்டிக் கொடுத்தார். அதே சக்தி, ஆனால் மூன்றரைக் கிலோ குறைவு. குழாயின் பருமன் மாறாமல் எடை மட்டும் குறைந்தால் தக்கை மாதிரி மிதக்கும் இல்லையா? குறைந்த எடையை ஈயமாகத் திருப்பி வைத்தாக வேண்டும். நாகப்பட்டினத்தில் வலைக்கடையில் ஈயக்குண்டு வாங்கி, பையில் கட்டி, இடம் இருந்த பின்பக்கம் மோட்டாரை ஒட்டித் திணித்தேன்.

வயலில் போர்செட் தொட்டியில் போட்டுப் பார்த்தேன். மேலேயும் வரவில்லை, அடியிலும் உட்காரவில்லை. மூக்கு லேசாகத் தூக்கியிருந்தது. பார்த்தேன், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாசி மாதம், தெரிந்த அண்ணன் ஒருவரின் ஃபைபர் படகில் போய் ஒன்பது மீட்டர் ஆழத்தில் இறங்கினேன். விசையை அழுத்தியதும் வண்டி மூக்கு காட்டிய திசையில் போனது. அதாவது மேலே. மேலே போகப் போக, மிதப்புக்காகக் காற்று அடைத்துப் போட்டிருந்த ஜாக்கெட்டில் இருந்த காற்று விரிந்து என்னையும் சேர்த்துத் தூக்கியது. ஒன்பது மீட்டரில் இழுத்த மூச்சு மேல்மட்டத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். அடக்கி வைத்தால் நுரையீரல் கிழியும். விசையை விட்டுவிட்டு ஊதிக்கொண்டே வந்தேன், பிழைத்தேன். படகில் ஏறியதும் அண்ணன் சிரித்தார். "ஈயத்தப் பூராவும் ஒரு மூலையில கட்டுனா வலை நிக்குமா தம்பி?"

அவர் சொன்னது பாதிக் காரணம். மீதிப் பாதி உப்பு. கடல்நீர் நன்னீரைவிட இரண்டரை சதவீதம் கனம். போர்செட் தொட்டியில் சரியாக நிற்கும் 20 கிலோ ஸ்கூட்டர் கடலில் அரை கிலோ அளவுக்கு மேலே முட்டும். அதனால் நன்னீர்த் தொட்டியில் சோதிப்பதானால் ஸ்பிரிங் தராசில் தொங்கவிட்டு முழுக்க மூழ்கவிடுங்கள். இடுக்குகளில் காற்றுக்குமிழி ஒட்டியிருக்கக் கூடாது. இந்த 20 கிலோ வண்டிக்குத் தராசு அரை கிலோ காட்டினால் கடலில் அந்தரத்தில் நிற்கும். அதன் பிறகு ஈயத்தை முன்னும் பின்னும் நகர்த்தி, விசையை விட்டால் படுத்த மாதிரி கிடக்கிறதா என்று பாருங்கள். நகராதபடி இறுக்கிக் கட்டவும் வேண்டும். இப்போது என்னுடையதில் ஈயத்தில் பெரும்பாதி மூக்கில் இருக்கிறது.

இன்னொன்று, ஸ்கூட்டரை உங்கள் எடையாக நினைக்காதீர்கள். சிலர் ஸ்கூட்டரைக் கனமாக்கிவிட்டு, தாங்கள் மூழ்குவதற்காகக் கட்டும் இடுப்பு ஈயத்தைக் குறைப்பார்கள். பேட்டரி தீர்ந்தோ, வலை சுற்றியோ அதைக் கைவிட வேண்டி வந்தால் அடுத்த நிமிடம் நீங்கள் மேலே இருப்பீர்கள். கையால் இழுக்கவிடாமல், கால்களுக்கு நடுவே வரும் பட்டையின் வளையத்தில் ஸ்கூட்டரின் கயிற்றைக் கொக்கியிட்டுக்கொண்டால் தோள் வலிக்காது. அப்புறம், பேட்டரி எவ்வளவு தூரம் போகும் என்று கணக்குப் போடாதீர்கள், நீந்தித் திரும்ப முடிகிற தூரம்தான் கணக்கு.

பூம்புகாரில் 1991இல் தேசியக் கடலியல் நிறுவனத்தார் கண்ட குதிரைலாட வடிவக் கட்டுமானம் கரையிலிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டர் தள்ளி, 23 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அது ஆராய்ச்சிக்காரர்கள் வேலை. நம் கடல் கலங்கல் வேறு. ஐப்பசி, கார்த்திகையில் முகத்துக்கு நேரே நீட்டிய கையே தெரியாது, இதில் ஸ்கூட்டரில் வேகமாகப் போய் எதை முட்டுவது?

டைவிங் தெரியும் என்று ஊரில் சொல்லிவிடாதீர்கள். ஆடிப்பெருக்கன்று ஆற்றில் சங்கிலியைத் தவறவிட்ட ஒரு சொந்தக்காரருக்காக மூன்று மணி நேரம் இழுப்பில் தேடினேன். கிடைக்கவில்லை. டீ கூட வாங்கித் தரவில்லை, நான் எடுத்து ஒளித்துவிட்டதாக இன்றுவரை கல்யாண வீடுகளில் பேச்சு. சங்கிலி ஒன்றரைப் பவுன் என்றார்கள் அன்று. இப்போது ஐந்து பவுன் ஆகியிருக்கிறது.

சரி, நீங்கள் பார்த்து வைத்திருப்பது ஈய பேட்டரியா, லித்தியமா? அதைச் சொல்லுங்கள், எத்தனை குண்டு என்று சொல்கிறேன்.