பதில்: சிம்பல் டேபிளில் டைப்பை ஸ்டிரிங்காக வைத்தால் இப்படித்தான் ஆகும்

தம்பி, 'இன்ட் *அ[10]', 'இன்ட் (*அ)[10]' இரண்டையும் நீங்கள் எழுதும் சி மொழிக் கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறது, தன்னையே சுட்டும் ஸ்டிரக்ட் (பல உறுப்புகளைச் சேர்த்த டைப்) வந்தால் முடிவில்லாமல் சுற்றுகிறது என்று எழுதியிருந்தீர்கள். சிம்பல் டேபிளில், அதாவது நிரலில் வரும் பெயர்களைக் கம்பைலர் குறித்து வைக்கும் பட்டியலில், டைப்பை (தரவின் வகையை) ஸ்டிரிங்காக, வெறும் எழுத்துகளாக வைத்ததுதான் வினை. முதலாவது பத்து பாயிண்டர் (வேறொன்றின் முகவரியை வைத்திருப்பது) உள்ள அரே (வரிசை), 64 பிட் கணினியில் 80 பைட்; இரண்டாவது, பத்து இன்ட் உள்ள அரேயைச் சுட்டும் ஒரே பாயிண்டர், 8 பைட். உங்கள் ஸ்டிரிங்கில் இரண்டும் 'இன்ட்*[10]' ஆகிவிடுகிறது, அப்புறம் அது எப்படிப் பிரித்துப் பார்க்கும்?

ஒவ்வொரு டைப்பையும் ஒரு நோடாக (நினைவகத்தில் ஒரு சிறு பதிவாக) வையுங்கள்: வகை, அளவு, உள்ளே இருக்கும் டைப்பின் நோடுக்கு ஒரு பாயிண்டர். சிம்பல் டேபிளில் அந்த நோடின் முகவரி மட்டும் போதும். புது நோடு உருவாக்கும் முன் அதே மாதிரி ஏற்கெனவே இருக்கிறதா என்று ஒரு ஹேஷ் டேபிளில் (வேகமாகத் தேட உதவும் அட்டவணையில்) தேடிவிட்டால், இரண்டு டைப் ஒன்றா என்பதை முகவரியை ஒப்பிட்டே சொல்லிவிடலாம், பல கம்பைலர்களுக்கு அடித்தளமான எல்எல்விஎம்மிலும் பெரும்பாலும் இப்படித்தான்.

ஸ்டிரக்டுக்கு மட்டும் இந்த ஹேஷ் தேடல் வேண்டாம். சி23-க்கு முந்தைய சி மொழியில் ஒரே ஃபைலுக்குள் தனித்தனியாக வரையறுத்த ஒவ்வொரு ஸ்டிரக்டும் தனி டைப், உறுப்புகளை விரித்து ஒப்பிடவே தேவையில்லை. பெயரைப் பார்த்தவுடன் காலி நோடு ஒன்றை டேபிளில் போட்டுவிட்டு, அடைப்பு மூடும்போது உறுப்புகளையும் அளவையும் நிரப்புங்கள்; தன்னைச் சுட்டும் உறுப்பு அந்த நோடையே காட்டும், சுற்றாது. நான் பினாங்கின் பாயான் லெப்பாஸில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதற்காக இரண்டு இரவு தே தாரிக் தேநீரோடு உட்கார்ந்தேன்.

டைப்டெஃப் (ஒரு டைப்புக்கு வைக்கும் மாற்றுப் பெயர்) அந்த டைப்பின் அதே நோடைச் சுட்டட்டும். ஃபங்ஷன் பாராமீட்டரில் வரும் அரேயைப் பாயிண்டராக மாற்ற மறக்காதீர்கள்.