ஹாலுக்குள் மாடிப்படி: ஒரு கடிதம்

மேடம், வணக்கம்.

வேலூர் சத்துவாச்சாரியில் மலையடிவாரத்துப் பக்கம் எங்கள் வீடு. நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். வீடு கட்டும்போது மகன் ஆசைப்பட்டான் என்று மாடிப்படியை ஹாலுக்குள்ளேயே, சுவர் எதுவும் இல்லாமல் திறந்தபடி வைத்தோம். கீழே நானும் மனைவியும். மேலே மகன், மருமகள், மூன்று வயதுப் பேரன். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் அந்தப் படியில் நின்றுதான் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். இப்போது அந்தப் படியே தலைவலி. ஹாலில் ஒன்றரை டன் ஏ.சி. இருந்தும் மே மாதத்தில் குளிர்வதே இல்லை. கீழே மீன் வறுத்தால் மாடி பீரோவில் இருக்கும் துணிவரை வாசனை. மகன் இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறான், டி.வி. சத்தம் மேலே கேட்கிறது என்கிறான். பேரன் கைப்பிடிக் கம்பியில் ஏறுகிறான். கீழே இறங்கினால் ஹாலில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்கள் என்று மருமகள் பாதி நாள் மேலேயே இருந்துவிடுகிறாள் என்று என் மனைவிக்குக் குறை. 'படியை மறைத்துச் சுவர் வைத்துவிட்டு வெளியே ஒரு படி போடுங்கள் மாமா, நாளைக்கு மாடியை வாடகைக்கு விட்டாலும் ஆச்சு' என்கிறார் மைத்துனர். மேஸ்திரி வந்து அளந்துவிட்டும் போய்விட்டார். ஹால் நடுவில் படி வாஸ்துவுக்கு ஆகாது என்று வேறு ஒருவர் பயமுறுத்துகிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

*

சார், வணக்கம்.

வாஸ்துவை முதலில் முடித்துவிடுகிறேன். ஈசானிய மூலையில் படி கூடாது, வலச்சுற்றாக ஏற வேண்டும், எண்ணிக்கை ஒற்றைப்படையில் வர வேண்டும் என்றெல்லாம் சொல்வார்கள். குடிவந்து இத்தனை வருஷம் கழித்து வந்து சொல்கிறவருக்கு ஒரு காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

வெயில்தான் உண்மையான விஷயம். 'வேலூரில் சதமடித்தது வெயில்' என்ற செய்தி சித்திரை பிறக்கும் முன்பே பேப்பரில் வந்துவிடுகிறது. அக்னி நட்சத்திரத்தில் 105, 106 டிகிரி நமக்குப் புதிதில்லை. சென்னையில் மதியத்துக்கு மேல் கடல்காற்று வந்து கொஞ்சம் தணிக்கும். அந்தக் கொடுப்பினை நமக்கு இல்லை. சுற்றிலும் மொட்டைப் பாறை மலைகள். பகலெல்லாம் காய்ந்து, ராத்திரி அந்தச் சூட்டைத் திருப்பிக் கொடுக்கும். உங்கள் மொட்டைமாடித் தளமும் அதே வேலையைத்தான் பார்க்கிறது.

சூடான காற்று மேலே போகும் என்று வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்திருப்பீர்கள். ஏ.சி. ஓடும் வீட்டில் அதற்கு நேர்மாறாக ஒன்று நடக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. அது தரைக்கு இறங்கி, வாசல் கதவுக்கு அடியிலும் ஜன்னல் சந்திலும் வெளியே கசிகிறது. கசிந்த அளவுக்கு வேறு காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். அது ஹெட்ரூம் (மொட்டைமாடிக்கு ஏறும் படியின் உச்சியில் இருக்கிற சின்ன அறை) கதவு இடுக்கு வழியாக, மொட்டைமாடியின் கொதிக்கிற காற்றாக வருகிறது. சந்தேகமாக இருந்தால் மதியம் இரண்டு மணிக்கு ஏ.சி.யைப் போட்டுவிட்டு, ஃபேனையெல்லாம் நிறுத்திவிட்டு, ஒரு ஊதுபத்தியோடு மேலே ஏறுங்கள். ஹெட்ரூம் கதவின் அடி இடுக்கில் அதைப் பிடித்தால் புகை வெளியே போகாமல் வீட்டுக்குள் வளையும். கதவுக்கு அடியில் வெளிச்சம் ஒரு கோடாகத் தெரிகிறது என்றால் ஊதுபத்திகூட வேண்டாம்.

ஒன்றரை டன் என்பது 150, 180 சதுர அடி மூடிய அறைக்கான கணக்கு. உங்களுடையது ஹால், படிக்கட்டு, மாடி ஹால், ஹெட்ரூம் எல்லாவற்றையும் ஒன்றாகக் குளிரவைக்கப் பார்க்கிறது. பாவம், அது என்ன செய்யும்?

ஆகவே நீங்கள் அடைக்க வேண்டியது கீழே இல்லை, மேலே. ஹெட்ரூம் கதவைச் சட்டத்தோடு ஒட்டுகிற மாதிரி சரிசெய்து, சுற்றிலும் ரப்பர் பட்டை, அடியில் ஒரு பிரஷ் பட்டை. ஹெட்ரூம் கூரை மேலும் மொட்டைமாடியிலும் வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சு. அடுத்தது, படி ஏறி முடிகிற இடத்தில், மாடி ஹாலுக்கு ஒரு கதவு. பெரும்பாலான வீடுகளில் அங்கே மூன்றரை, நாலு அடி வாய்தான் இருக்கும். அந்த ஒரு கதவில் மீன் வாசனை நிற்கும், டி.வி. சத்தம் பாதிக்கு மேல் குறையும். மகன் தூங்குவான்.

ராத்திரி இதே படிக்கட்டு உங்களுக்கு உதவும். வெளிக்காற்று உள்காற்றைவிடக் குளிர்ந்த பிறகு கீழே ஒரு ஜன்னலையும் ஹெட்ரூம் ஜன்னலையும் திறந்து வையுங்கள். வீட்டுச் சூடு படி வழியாக ஏறி வெளியே போகும். அந்தக் காலத்து வீட்டில் முற்றம் செய்த வேலை இது. சுவர் வைத்துவிட்டால் இது போய்விடும். ஜன்னலுக்கு மட்டும் வலை அடித்துவிடுங்கள். மலையடிவாரம் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் ஹெட்ரூம் வழியாக இறங்கிய குரங்கு, சோபாவில் உட்கார்ந்து வாழைப்பழத்தை உரித்துத் தின்றுவிட்டு வந்த வழியே நிதானமாகப் போனது. பிடித்துக்கொள்ளக் கம்பி இருந்தது, அதற்கென்ன!

மேஸ்திரியின் சுவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாலரை அங்குலச் சுவர், பத்தடி நீளம், பத்தடி உயரம் என்றால் பூச்சோடு சேர்த்து இரண்டு டன்னுக்கு மேல் எடை வரும். ஹால் தரை என்பது மண்ணை நிரப்பி, காங்கிரீட் போட்டு, டைல்ஸ் ஒட்டியது. அடியில் பீம் இல்லாத இடத்தில் இந்த எடையை ஏற்றினால் தரை இறங்கும், சுவரும் விரிசல் விடும். அளந்த மேஸ்திரி இதைச் சொன்னாரா?

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வேறு வரி. மருமகள் பாதி நாள் மேலேயே இருந்துவிடுகிறார் என்று உங்கள் மனைவி குறைப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். மகன் என்ன சொல்கிறான், மைத்துனர் என்ன சொல்கிறார், மேஸ்திரி என்ன செய்தார், வாஸ்துக்காரர் எப்படிப் பயமுறுத்துகிறார், எல்லாம் இருக்கிறது. மருமகள் சொன்னதாக ஒரு வார்த்தை இல்லை. ஆனால் அவர் செய்வதில் எல்லாம் இருக்கிறது. குளித்துவிட்டு ஈரத்தலையோடு ஒரு டம்ளர் காபிக்கு இறங்க வேண்டும் என்றாலும் உங்கள் பழைய சக ஆசிரியர்கள் நாலு பேர் நிமிர்ந்து பார்ப்பார்கள். வெறும் காலோடு, நைட்டியோடு, தூக்கக் கலக்கத்தோடு இறங்க முடியாது. ஒவ்வொரு முறையும் துப்பட்டா தேட வேண்டும். ஹாலில் உட்கார்ந்திருப்பவருக்குத் திறந்த படி அழகு. அதில் இறங்கி வருகிறவருக்கு அது மேடை. உங்களுக்கும் எனக்கும் பிடிப்பதால் மட்டும் அது நல்ல படி ஆகிவிடாது.

சுவர் வைத்தால் அவருடைய இந்தச் சங்கடம் தீரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெளிப்படி வந்துவிட்டால் அவர் அந்த வீட்டில் மாடிக் குடித்தனக்காரர் மாதிரி ஆகிவிடுவார். சமையல்கட்டுக்கு வர வாசலைச் சுற்றி வர வேண்டும். மழையில் குடை. பேரன் காலையில் எழுந்ததும் தானாக இறங்கி உங்கள் மடியில் வந்து விழுவதும் நின்றுபோகும். யாராவது கூட்டிக்கொண்டுவந்து விட வேண்டும்.

சின்ன வேலை ஒன்று போதும். படி தொடங்கும் இடத்துக்கும் சோபாவுக்கும் நடுவில் ஆறடி உயரத்தில் மரச்சட்டம் வைத்து, துளைத்துளையாக ஜாலி போட்ட தடுப்பு, இறங்குகிறவர் ஹாலைத் தொடாமல் சாப்பாட்டு மேஜைப் பக்கம் திரும்புகிற மாதிரி. ஆசாரிக்கு நாலு நாள் வேலை. தரைக்குப் பாரமும் இல்லை. சோபாவையும் படிக்கு முதுகு காட்டித் திருப்பிப் போடுங்கள், அதற்குச் செலவே இல்லை. எங்கே தடுப்பு வர வேண்டும் என்பதை மருமகளே நின்று காட்டட்டும்.

வாடகை விஷயம் தனி. சி.எம்.சி.க்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வைத்தியத்துக்கு வருகிறவர்கள், காட்பாடிப் பக்கம் வி.ஐ.டி. பிள்ளைகள் என்று நம் ஊரில் வீட்டுக்கு எப்போதும் ஆள் உண்டு. பணம் தேவை என்றால் விடுங்கள், தப்பில்லை. அப்போது மகன் குடும்பம் எங்கே போகும் என்பதையும் மைத்துனரையே கேளுங்கள்.

பேரன் ஏறுகிற கைப்பிடிக்கு மட்டும் நாள் தள்ளாதீர்கள். எவர்சில்வர் குழாய்களை நாலு வரிசையாகப் படுக்கவாட்டில் விடுவதுதான் இங்கே எல்லா வீட்டிலும் ஃபேஷன். குழந்தைக்கு அது ஏணி. உள்பக்கமாகக் கெட்டியான பாலிகார்பனேட் ஷீட்டை வைத்துக் கிளாம்ப் போட்டால் கால் வைக்க இடம் இருக்காது. செங்குத்துக் கம்பியாக மாற்றுவதாக இருந்தால் இடைவெளி நாலு அங்குலத்துக்குள் இருக்கட்டும். உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்கிற ஆபத்து அதற்கு மேல்தான். மேலும் கீழும் ஒவ்வொரு சின்ன கேட்.

உங்கள் வயதுக்கும் ஒன்று. எல்லாப் படியும் ஒரே உயரம்தானா என்று டேப் வைத்துப் பாருங்கள். உயரம் ஏழரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது, மிதிக்கும் அகலம் பத்துக்குக் குறையக் கூடாது. ஹால் தரையில் பிற்பாடு புது டைல்ஸ் ஒட்டிய வீடுகளில் முதல் படி மட்டும் ஓர் அங்குலம் குட்டையாகிவிடும். கண் கவனிக்காது, கால்தான் தடுக்கும். பாலிஷ் கிரானைட் என்றால் ஓரத்தில் இரண்டு கோடு வெட்டச் சொல்லுங்கள்.

படிக்கு அடியில் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. இன்வெர்ட்டர் என்றால் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். மின்சார ஸ்கூட்டரை அங்கே சார்ஜ் போடவே வேண்டாம். 2022 மார்ச்சில் நம் ஊரிலேயே இரவு சார்ஜில் இருந்த வண்டி பற்றியெரிந்து, அந்தப் புகையில் தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். திறந்த படியில் புகை நேராக மாடிக்குத்தான் ஏறும், இறங்க வேறு வழியும் இல்லை. மேலே கதவு வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். தூங்கும்போது அதைச் சாத்தி வையுங்கள். பூட்ட வேண்டாம்.

மேஸ்திரிக்கு அட்வான்ஸ் கொடுத்தீர்களா என்று தெரியவில்லை. கொடுத்திருந்தால் திருப்பிக் கேட்டுச் சண்டை போடாதீர்கள், வராது. அந்தப் பணத்துக்கு மொட்டைமாடியில் தட்டோடு பெயர்ந்த இடத்தையெல்லாம் பூசி, வெள்ளையடித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். பங்குனிக்குள் முடிந்தால் நல்லது.