மாமனார் மாமியாரோட யார்க்ல மூணு நாள்: எங்க தங்குறது, எப்படிப் போறது, எதை விடுறது

கேள்வி: லண்டன் ஈஸ்ட்ஹாம்ல இருக்கோம். மே மாசம் திருநெல்வேலில இருந்து மாமனார் மாமியார் வர்றாங்க, விசா இன்னும் கைக்கு வரல. மாமியாருக்கு முட்டி வலி, சுத்த சைவம், முட்டை கூட கிடையாது. பிள்ளைங்க ரெண்டு பேரு, 7 வயசு, 11 வயசு. மே கடைசி பேங்க் ஹாலிடேக்கு சனி, ஞாயிறு ரெண்டு ராத்திரி தங்கி ஒரு பழைய ஊரைச் சுத்திப் பாக்கணும். பாத், ஆக்ஸ்ஃபோர்டு, யார்க் இதுல எது சரியா வரும்? எங்க தங்கலாம்? கார்ல போயிடலாமா, ட்ரெயினா? வீட்டுக்காரருக்கு லீவு பிரச்சனை இல்ல.

பதில்: யார்க் போங்க. ஆக்ஸ்ஃபோர்டு லண்டன் பாடிங்டன் ஸ்டேஷன்ல இருந்து ட்ரெயின்ல ஒரு மணி நேரம்தான், அதுக்கு ரூம் போட்டுத் தங்குறது வீண், ஒரு நாள் காலைல கிளம்பிப் போய்ட்டு சாயங்காலம் திரும்பி வந்துடலாம். பாத் அழகான ஊரு, நீங்களும் வீட்டுக்காரரும் மட்டும்னா கண்ணை மூடிக்கிட்டு அதைத்தான் சொல்லிருப்பேன், ஆனா அந்த ஊரு பூரா மேடு, ராயல் கிரசென்ட் பக்கம் ஏறி இறங்குறதுக்குள்ள மாமியார் முட்டி பதில் சொல்லிடும், ரோமன் பாத்ஸைப் பாத்து முடிச்சப்புறம் 7 வயசுப் பிள்ளைக்குப் பெருசா ஒண்ணும் இல்ல. யார்க் தட்டையான ஊரு. பாக்க வேண்டியது எல்லாமே கோட்டைச் சுவருக்குள்ள இல்ல சுவரை ஒட்டி இருக்கு.

அடுத்தது தேதி. சனிக்கிழமை வேண்டாம், அதுவும் பேங்க் ஹாலிடே சனிக்கிழமை வேண்டவே வேண்டாம். யார்க்ல சனி ராத்திரின்னா வடக்கு இங்கிலாந்து பூரா இருந்து கல்யாணத்துக்கு முந்தின பார்ட்டிக்குக் கூட்டம் கூட்டமா வந்து இறங்குவாங்க, மிக்கில்கேட் தெருல பப்புக்குப் பப்பு ஏறி இறங்குறது அங்க ஒரு வழக்கமே, ரூம் வாடகையும் அன்னிக்குத்தான் உச்சத்துல இருக்கும். பிள்ளைங்களுக்கு அந்த பேங்க் ஹாலிடே திங்கள்ல ஆரம்பிச்சு வாரம் முழுக்க ஹாஃப் டெர்ம் லீவுதானே, வீட்டுக்காரருக்கும் லீவு கிடைக்கும்னு வேற சொல்றீங்க, அப்ப செவ்வாய் போய் வியாழன் திரும்புங்க. புக் பண்றதுக்கு முன்னாடி யார்க் குதிரைப் பந்தய மைதானத்தோட காலண்டரை ஒரு தடவை பாத்துடுங்க. மே நடுவுல மூணு நாள், ஆகஸ்ட்ல ஈபோர் ஃபெஸ்டிவல்னு பெரிய பந்தயம் நடக்குற நாள்ல ஊருல ரூம் கிடைக்கறதே பாடு, நவம்பர் டிசம்பர்ல கிறிஸ்துமஸ் மார்க்கெட் சமயமும் அப்படித்தான்.

இப்ப தங்குற விஷயம், இதைத்தான் கொஞ்சம் நிதானமாப் பேசணும், ஏன்னா இந்த மாதிரி ஊருல எதைப் பாக்குறோம்ங்கறதை விட எங்க படுத்து எந்திரிக்கிறோம்ங்கறதுதான் ட்ரிப்பையே தீர்மானிக்குது. பகல்ல ஷாம்பிள்ஸ் சந்துல தோள் இடிக்காம நடக்க முடியாது. டே ட்ரிப் கூட்டம் சாயங்காலம் ட்ரெயினுக்கும் பஸ்ஸுக்கும் கிளம்பிடும், மறுநாள் காலைல பத்து மணி வரைக்கும் அதே சந்து உங்களுக்கே உங்களுக்குதான். ஊருக்குள்ள தங்கினாத்தான் அது கிடைக்கும். நாலு மைல் தள்ளி ரிங் ரோட்டுல 30 பவுண்டு கம்மியா ரூம் கிடைக்குதுன்னு போனீங்கன்னா ராத்திரி சாப்பாட்டுக்கு ஒரு டாக்ஸி, காலைல ஒரு டாக்ஸி, ஆறு பேருங்கறதால அதுவும் பெரிய வண்டி, மிச்சம் புடிச்ச காசு அங்கயே போயிடும், மதியம் மாமியாரை ரூம்ல கொஞ்ச நேரம் படுக்க வைக்கிறதும் நடக்காது. அந்த மதியத் தூக்கம் இல்லேன்னா சாயங்காலம் யாரும் எங்கயும் வர மாட்டாங்க, எழுதி வச்சுக்கோங்க.

அதனால ஸ்டேஷனுக்கும் மிக்கில்கேட் பாருக்கும் (யார்க்ல பார்னா கோட்டைச் சுவர் வாசல், குடிக்கிற பார் இல்ல) பக்கத்துல ப்ளாஸம் ஸ்ட்ரீட் ஏரியால பாருங்க, ஸ்டேஷன்ல இருந்து பத்து நிமிஷ நடை. ப்ரீமியர் இன் மாதிரி செயின் ஹோட்டல் அங்க இருக்கு, பாக்க எல்லா ஊருலயும் ஒரே மாதிரிதான் இருக்கும், அதுல ஒரு பெருமையும் இல்ல, ஆனா லிஃப்ட் இருக்கான்னு கேட்டுப் போடலாம், ஃபேமிலி ரூம்ல நீங்களும் ரெண்டு பிள்ளைங்களும் அடங்கிடுவீங்க, மாமனார் மாமியாருக்கு அதே மாடில பக்கத்து ரூம் வேணும்னு ஃபோன் பண்ணிச் சொல்லிடுங்க. பூத்தம் பக்கம் வரிசையா இருக்குற கெஸ்ட் ஹவுஸ் எல்லாம் விக்டோரியா காலத்து வீடுங்க, நடத்துறவங்களும் நல்லா கவனிச்சுக்குவாங்க, எனக்கு அதுதான் பிடிக்கும், ஆனா நிறைய வீட்டுல மூணு நாலு மாடி, லிஃப்ட் கிடையாது, படி செங்குத்தா இருக்கும். உங்க நிலைமைக்கு கிரவுண்ட் ஃப்ளோர் ரூம் கிடைச்சா மட்டும் யோசிங்க.

எந்த ரூமா இருந்தாலும் ஒண்ணு கேக்க மறந்துடாதீங்க, பாத்ரூம்ல ஷவர் தனியா தரை மட்டத்துல இருக்கா, இல்ல பாத் டப்புக்குள்ள ஏறி நின்னு குளிக்கணுமான்னு. இங்க பாதி ரூம்ல டப் மேலதான் ஷவர், முட்டி வலிக்காரங்க அதைத் தாண்டி ஏறுறதுக்குள்ள உயிர் போயிடும், ஈரக் காலோட இறங்குறது அதை விட மோசம். அக்சஸிபிள் ரூம்னு கேட்டா பிடிச்சுக்கக் கைப்பிடி எல்லாம் இருக்கும், ஆனா அதுலயும் சிலதுல டப்தான் இருக்கும், அதனால தரை மட்ட ஷவர் வேணும்னு சொல்லியே போடுங்க.

அபார்ட்மென்ட் எடுத்தா சமைச்சுக்கலாமேன்னு தோணும், சைவத்துக்கு அது சௌகரியம்தான், நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா பழைய கட்டடத்துல மேல் மாடியா இருக்கும், சாவி ஒரு சின்னப் பெட்டிக்குள்ள இருக்கும், ஆள் யாரும் இருக்க மாட்டாங்க, சாயங்காலம் மூணு நாலு மணிக்கு முன்னாடி உள்ள விட மாட்டாங்க, அது வரைக்கும் ஆறு பேரு பெட்டியைத் தூக்கிக்கிட்டு எங்க சுத்துறது? ஹோட்டல்னா வந்ததும் பெட்டியை ரிசப்ஷன்ல போட்டுட்டுக் கிளம்பிடலாம். விசா இன்னும் வரலங்கறதால முன்பணம் திரும்பி வராத ரேட்டைத் தொடாதீங்க. கொஞ்சம் கூட இருந்தாலும் கடைசி நேரம் வரைக்கும் கேன்சல் பண்ற மாதிரி ரேட்டாப் போடுங்க.

கார் வேண்டாம். லண்டன்ல இருந்து 200 மைலுக்கு மேல, நாலு மணி நேரத்துக்குக் குறையாது, சாதா காருல ஆறு பேரு ஏறவும் முடியாது, போய்ச் சேந்தாலும் நடு ஊருல பகல் நேரத்துல பல தெருவுக்குள்ள வண்டி போக முடியாது. ஈஸ்ட்ஹாம்ல ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி லைன் புடிச்சா நேரா கிங்ஸ் கிராஸ், அங்க இருந்து எல்.என்.இ.ஆர் ட்ரெயின்ல ரெண்டு மணி நேரம் போல யார்க். நிறையப் பேருக்குத் தெரியாத விஷயம் ஃபேமிலி அண்ட் ஃப்ரெண்ட்ஸ் ரெயில்கார்டு. ஒரே கார்டுல 4 பெரியவங்க, 5ல இருந்து 15 வயசுக்குள்ள 4 பிள்ளைங்க வரைக்கும் போகலாம், பெரியவங்க டிக்கெட்ல மூணுல ஒரு பங்கு, பிள்ளைங்க டிக்கெட்ல 60 சதவீதம் தள்ளுபடி. உங்க குடும்பத்துக்கு அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு, கார்டு வாங்குன காசு இந்த ஒரு ட்ரிப்லயே வந்துடும். ஒரு பிள்ளையாவது கூட வரணும், அதுதான் முக்கியமான கண்டிஷன். மாமனாருக்கு சீனியர் ரெயில்கார்டுன்னு தனியா செலவு பண்ண வேண்டாம். அட்வான்ஸ் டிக்கெட் சீக்கிரம் எடுத்தா மலிவு, ஆனா ரீஃபண்ட் கிடையாது, அதனால விசா வந்த அன்னிக்கே உக்காந்து எடுத்துடுங்க, டேபிள் சீட்டாப் பாத்து.

என்ன பாக்குறதுன்னா, முதல் நாள் மதியத்துக்கு மேல மின்ஸ்டர் மட்டும் போதும். 1220ல இருந்து 1472 வரைக்கும் கட்டின தேவாலயம், உள்ள போக டிக்கெட் உண்டு, கோயில்தானே ஃப்ரீயா இருக்கும்னு போய் வாசல்ல நிக்காதீங்க. கிழக்குப் பக்கம் இருக்குற பெரிய ஜன்னல்கிட்ட மாமனாரை உக்கார வச்சுக் கதையைச் சொல்லுங்க. ஜான் தார்ன்டன்னு ஒருத்தர் 1405ல ஒப்பந்தம் போட்டு 1408ல முடிச்சது, மூணு வருஷத்துக்குள்ள முடிச்சா கூட 10 பவுண்டுன்னு பேச்சு, ஆளு முடிச்சு வாங்கிட்டாரு, மொத்தம் 56 பவுண்டு. ஒரு டென்னிஸ் கோர்ட் அளவு கண்ணாடி, உலகம் உண்டானதுல இருந்து முடியிற வரைக்கும் படம் படமா இருக்கும். தெக்குப் பக்கம் வட்டமா இருக்குற ரோஸ் விண்டோவையும் பாருங்க, 1984 ஜூலைல தீப்பிடிச்சுக் கூரை விழுந்தப்ப அந்தக் கண்ணாடி ஆயிரக்கணக்கான இடத்துல விரிசல் விட்டும் கீழ விழாம நின்னுச்சு.

நடுக் கோபுரத்துக்கு 275 படி, 8 வயசுக்குக் கீழ இருந்தா விட மாட்டாங்க. அதாவது மூத்தது போகலாம், இளையது போக முடியாது. வாசல்ல அழுகை வேண்டாம்னா வீட்டுல இருந்து கிளம்பும்போதே இளையவங்க கிட்ட பேசி வேற எதாவது பேரம் முடிச்சு வச்சிருங்க. சாயங்காலம் ஈவ்ன்சாங் பிரார்த்தனைக்குப் போக காசு கிடையாது, யார் வேணா போய் உக்காரலாம், ஹாஃப் டெர்ம்ல பிள்ளைங்க பாடற குழு லீவுல இருக்கலாம், அன்னிக்கு என்ன நடக்குதுன்னு வெப்சைட்ல பாத்துக்கோங்க.

கோட்டைச் சுவர் மேல நடக்குறது ஃப்ரீ, முழுசா சுத்தினா 3 கிலோமீட்டருக்கு மேல. முழுசா வேண்டாம், பூத்தம் பார்ல இருந்து மங்க் பார் வரைக்கும் போனாலே மின்ஸ்டர் தோட்டத்தோட சேந்து அழகா தெரியும். ஏறுறது எல்லா எடத்துலயும் கல் படிதான், சில எடத்துல உள் பக்கம் கைப்பிடிக் கம்பி இருக்காது, பிள்ளைங்க கையை விடாதீங்க. இருட்டும்போது மூடிடுவாங்க, ஆனா மே கடைசில ஒன்பது மணிக்கு மேலதான் பொழுது சாயும், அதனால சாயங்காலம் சாப்பிட்டுட்டு கூட ஏறலாம். மியூசியம் கார்டன்ஸ் மூடுற நேரத்துக்கு முன்னாடி ஏறுனீங்கன்னா, அந்த நேரம் மாமியார் அங்க பெஞ்ச்ல உக்காந்து புனித மேரி மடத்தோட இடிஞ்ச சுவரைப் பாத்துக்கிட்டு இருக்கட்டும், ஒரு ஸ்வெட்டர் கண்டிப்பா, மே மாசம்னாலும் நம்ம ஊரு ஆளுங்களுக்கு அது குளிர்தான்.

ரெண்டாவது நாள் காலைல யார்விக் வைக்கிங் சென்டர், முதல் ஸ்லாட். 1976ல இருந்து 81 வரைக்கும் காப்பர்கேட்ல தோண்டுனப்ப கிடைச்ச வைக்கிங் ஊரை அதே இடத்துல திரும்ப உண்டாக்கி வச்சிருக்காங்க, சின்ன வண்டில உக்காந்தே சுத்தி வரலாம், வாசனை உட்பட எல்லாம் இருக்கும், நாத்தம்னு சொல்றதுதான் சரி. லீவு நாள்ல முன்கூட்டியே புக் பண்ணாம போகாதீங்க. மேட்டு மேல நிக்கிற பழைய கோட்டைக் கோபுரம் கிளிஃபோர்ட்ஸ் டவரை நான் விட்டுருவேன், ஏறுறது முழுக்க படி. 1190ல அந்த மேட்டுல யார்க் யூதர்கள் கூட்டமா செத்துப் போன கொடுமை நடந்துச்சு, கீழ நின்னு மூத்த பிள்ளைக்கு அதைச் சொன்னாப் போதும். மதியத் தூக்கம் முடிஞ்சதும் ஊஸ் ஆத்துல படகுல ஒரு சுத்து.

மூணாவது நாளுக்கு ரெயில்வே மியூசியத்தை வச்சுக்கோங்க. ஸ்டேஷனுக்குப் பின்னாடியே இருக்கு, அனுமதி இலவசம், 1938 ஜூலைல மணிக்கு 126 மைல் ஓடி நீராவி எஞ்சின் ரெக்கார்டு வச்ச மல்லார்டு அங்கதான் நிக்குது, ஜப்பான் புல்லட் ட்ரெயினும் இருக்கு. தரை சமமா இருக்கும், உக்கார இடம் உண்டு, அப்படியே நடந்து வந்து ட்ரெயின் ஏறிடலாம். டர்ஹாம் முக்கா மணி நேரம்தானே, அதையும் சேத்துக்கலாமான்னு வீட்டுக்காரர் கேப்பாரு. வேண்டாம், ஸ்டேஷன்ல இறங்கினதுமே மேடும் பள்ளமும்தான்.

சாப்பாட்டுல ரெண்டு எச்சரிக்கை. யார்க்ஷயர் புட்டிங் பாக்க சாதுவா இருக்கும், முட்டை இல்லாம அது கிடையாது, சில எடத்துல மாட்டுக் கொழுப்புல வேற சுடுவாங்க. அதே மாதிரி இந்தப் பக்கம் ஃபிஷ் அண்ட் சிப்ஸ் கடைல சிப்ஸையும் மாட்டுக் கொழுப்புலதான் பொரிக்கிற வழக்கம் நிறைய, வெறும் உருளைக்கிழங்குதானேன்னு வாங்கிக் குடுத்துடாதீங்க, எந்த எண்ணெய்னு கேளுங்க. ஃபாஸ்கேட், வாம்கேட் தெருல பல வகை ரெஸ்டாரன்ட் இருக்கு, சைவம் கிடைக்கும், முட்டை வேண்டாம்னு தனியா சொல்லணும், இங்க வெஜிடேரியன்னா முட்டை உண்டு. ரூம்ல கெட்டில் இருக்கும், மைக்ரோவேவ் பெரும்பாலும் இருக்காது, அதனால புளியோதரையும் எலுமிச்சை சாதமும் முதல் நாளுக்குக் கட்டிக்கோங்க, தயிர் அங்க சின்ன சூப்பர்மார்க்கெட்லயே வாங்கிக்கலாம். பெட்டீஸ் டீ ரூம் க்யூல மாமியாரை நிக்க வைக்காதீங்க, போயே ஆகணும்னா காலைல திறந்ததும் போங்க.

திரும்பி வர்ற ட்ரெயின் அரை மணி நேரமோ அதுக்கு மேலயோ லேட்டானா எல்.என்.இ.ஆர் வெப்சைட்ல டிலே ரிபேன்னு லேட்டுக்கு நஷ்ட ஈடு கேக்குற இடம் இருக்கும், 28 நாளைக்குள்ள அப்ளை பண்ணிடுங்க, அட்வான்ஸ் டிக்கெட்டுக்கும் காசு உண்டு. ஆறு டிக்கெட்டையும் மெயில்ல பத்திரமா வச்சிருங்க.