பன்னிரண்டு வீரர்கள் – கடிதம்

அன்புள்ள சார்,

சில ஆர்வலர்கள் ஓய்வு நேரத்தில் சேர்ந்து உருவாக்கும் ஒரு கணினி விளையாட்டுக்காக மூன்று மாதம் உட்கார்ந்து 12 வீரர்களை வரைந்து அனுப்பினேன். ஒன்றைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. ‘அளவு பொருந்தவில்லை, நிறத்தை மாற்றித் தாருங்கள்’ என்று இரண்டு வரிப் பதில். காசு வாங்காமல் செய்கிறவனிடம் இவ்வளவு கறார் வேண்டுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டு வரிப் பதில் வலிக்கத்தான் செய்யும். ஆனால் அதை எழுதியவரும் காசு வாங்காதவர்தான், இல்லையா?

வெஸ்னோத் என்ற விளையாட்டைப் பாருங்கள். 2003இல் டேவிட் வைட் தொடங்கியது, படம், இசை, கதை, மொழிபெயர்ப்பு என்று பெரும்பகுதி தன்னார்வலர்கள் உழைப்பு. அதில் ஒரு சாதாரண வீரன் 72க்கு 72 பிக்சல் சட்டத்துக்குள் நிற்க வேண்டும். அவன் உடையில் அணியின் நிறம் வரவேண்டிய இடத்தை மெஜந்தா என்ற ஊதா கலந்த சிவப்பில் தீட்டுவார்கள், விளையாடும்போது நிரல் அதைச் சிவப்பாகவோ நீலமாகவோ மாற்றிக்கொள்ளும். நீங்கள் ஆசையாகச் சிவப்புச் சட்டையே மாட்டி அனுப்பினால் அவன் எதிரணிக்குப் போனாலும் அதே சட்டையோடுதான் நிற்பான், யார் யாரை வெட்டுகிறார்கள் என்றே தெரியாது. அப்புறம் நிற்கிற படம் மட்டும் போதாது: வாள் ஓங்குவது, அடி வாங்குவது, விழுவது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் படம். உங்கள் பன்னிரண்டு பேரை ஏற்றுக்கொண்டால் மிச்சத்தை உங்கள் பாணியிலேயே யாராவது வரைய வேண்டும். யார் வரைவது?

நானும் இப்படி மாட்டியிருக்கிறேன். ஒரு விளையாட்டுக்கு யாரையும் கேட்காமல் நாற்பது வரி வசனம் எழுதிக் கொடுத்தேன், உரையாடல் பெட்டியில் மூன்று வரிக்கு மேல் கொள்ளாது என்று அப்புறம்தான் தெரிந்தது. ஒரு வாரம் கோபமாக இருந்தேன். பிறகு வெட்டிப் பார்த்தேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது, வெட்டியதுதான் நன்றாக இருந்தது.

அவர்கள் பக்கமும் தவறு உண்டு. அளவையும் நிறத்தையும் புதிதாக வருகிறவர் கண்ணில் படும்படி முதலிலேயே எழுதி வைத்திருக்கலாம், ‘நன்றி’ என்று ஒரு வார்த்தையும் சேர்த்திருக்கலாம். நீங்களும் ஒருவனை மட்டும் வரைந்து அனுப்பிக் கேட்டிருந்தால் மூன்று மாதம் மிஞ்சியிருக்கும்.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? அவர்கள் ‘வேண்டாம்’ என்று சொல்லவில்லை, ‘மாற்றித் தாருங்கள்’ என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். பன்னிரண்டு பேரில் உங்களுக்கு அதிகம் பிடித்தவன் யார்? அவனை மட்டும் சொன்ன அளவில் திரும்ப வரைந்து அனுப்புங்கள். மற்ற பதினோரு பேரும் கொஞ்ச நாள் காத்திருக்கட்டும்.