கையெழுத்து வைக்க முதல்

தம்பி, கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்து ஐந்து மாதம், வெயார்ஹவுஸ் வேலை, மனைவியும் பிள்ளையும் இன்னும் யாழ்ப்பாணத்தில் என்று எழுதியிருந்தீர்கள். கோயிலில் பழக்கமான அண்ணா ஒருவர் வீட்டுக்கு வந்து, மாதம் 280 டொலர் கட்டினால் ஆயுள் காப்புறுதியும் சேமிப்பும் ஒன்றாகக் கிடைக்கும் என்கிறார், கையெழுத்து வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போது வைக்க வேண்டாம். அவர் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை. அந்த வகைக் காப்புறுதி, முப்பது வருடம் விடாமல் கட்டக்கூடிய சிலருக்குப் பொருந்தும். நானும் 2004இல் ஒன்று எடுத்தேன். மூன்றாம் வருடம் வேலை போனது, கட்ட முடியவில்லை. நிறுத்தப் போனபோது ஒரு சதமும் திரும்பி வரவில்லை. முதல் வருடங்களில் கட்டும் காசில் பெரும்பகுதி காப்புறுதிச் செலவுக்கும் முகவரின் கமிஷனுக்கும் போய்விடும் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

உங்களுக்குக் காப்புறுதி தேவைதான், உங்களை நம்பி இரண்டு பேர் இருக்கிறார்கள். அதற்கு ‘டேர்ம்’ என்று சொல்லும் குறித்த காலக் காப்புறுதி போதும். 20 வருடத்துக்கு ஒரே கட்டணம். அதற்குள் உங்களுக்கு ஏதும் நடந்தால் குடும்பத்துக்குப் பணம் வரும், நடக்காவிட்டால் ஒன்றும் வராது. அதனால்தான் மலிவு. வேலையிடத்தில் தரும் காப்புறுதியை மட்டும் நம்பாதீர்கள், வேலையோடு அதுவும் போய்விடும். சிகரெட், சீனி வருத்தம் எதையும் விண்ணப்பத்தில் ஒளிக்க வேண்டாம். முதல் 2 வருடத்துக்குள் மரணம் நேர்ந்தால் நிறுவனம் அந்தப் படிவத்தைத் திரும்பவும் புரட்டும். மறைத்தது வெளிவந்தால் மனைவி வெறுங்கையோடு நிற்பார்.

முகவரின் உரிமத்தை ஒன்ராறியோ நிதிச் சேவைகள் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையத்தளத்தில் பெயர் போட்டுப் பார்க்கலாம். யாராவது அவசரப்படுத்திக் கையெழுத்து வைப்பித்துவிட்டால், காப்புறுதிப் பத்திரம் கைக்கு வந்த பின் பொதுவாக 10 நாள் இருக்கும். அதற்குள் எழுத்தில் ரத்துச் செய்தால் கட்டியது திரும்பி வரும்.

சேமிப்பு தனிக் கணக்கு. கிரெடிட் கார்டில் 1,800 டொலர் நிற்கிறது என்றீர்களே, முதலில் அதை முடியுங்கள். 20 சதவீத வட்டியை அடைப்பதற்கு ஈடான முதலீடு எனக்குத் தெரிந்து இல்லை. பிறகு மூன்று மாதச் செலவுக்கான காசை வங்கியில் சேருங்கள். கனடா வைப்புக் காப்புறுதிக் கூட்டுத்தாபனத்தில் உறுப்பான வங்கியென்றால், வங்கி முறிந்தாலும் 100,000 டொலர் வரை பாதுகாப்பு. தெரிந்தவர் நடத்தும் சீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அவசரக் காசைச் சீட்டில் போட்டுவிட்டு, சீட்டு நடத்தியவர் ஊர் மாறிப் போனதால் தவித்த குடும்பங்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் ரி.எஃப்.எஸ்.ஏ (TFSA) என்னும் வரியில்லாச் சேமிப்புக் கணக்கு. இதில் வளரும் காசுக்கு வரி இல்லை. ஆனால் புதிதாக வருபவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. இந்தக் கணக்கு தொடங்கிய 2009 முதல் ஒவ்வொரு வருட எல்லையையும் சேர்த்தால் 2025 வரை 102,000 டொலர் போடலாம் என்று யாராவது சொல்வார்கள். அது அப்போதிருந்தே இங்கே குடியிருப்பவர்களுக்கு. உங்களுக்கு வந்த வருடத்திலிருந்துதான் கணக்கு, 2025க்கான எல்லை 7,000 டொலர். கூடப் போட்டால், கூடிய தொகைக்கு மாதம் 1 சதவீதம் வரி. அந்தக் கணக்கினுள்ளே எந்த முதலீட்டை வாங்கினாலும் வருடக் கட்டணத்தைக் கேளுங்கள். பலரின் காசைச் சேர்த்து முதலிடும் பரஸ்பர நிதிகள் என்று வங்கி மேசையில் விற்பவை பலவற்றில் அது 2 சதவீதத்தை ஒட்டி இருக்கும், பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்தொடரும் குறியீட்டு நிதிகளில் அதில் சிறு பங்குதான். வேலையிடம் ஓய்வூதியச் சேமிப்புக்கு உங்கள் பங்குக்கு ஈடாகப் போடுகிறதென்றால், அதை மட்டும் முதல் நாளே தொடங்குங்கள்.

அந்த அண்ணா திரும்பி வந்தால், ‘ஐந்தாம் வருடம் நிறுத்தினால் கைக்கு எவ்வளவு வரும்?’ என்று எழுத்தில் கேளுங்கள். தரும் தாளை எனக்கு அனுப்புங்கள் தம்பி, இருந்து வரிவரியாகப் பார்ப்போம்.